பதினேழாம் படுக்கையின் எண்கள்

தெய்வநாயகி டீச்சருக்குப் புத்தி கலங்கிவிட்டதா இல்லையா என்று அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு கூட்டம் கூடித் தீர்மானிக்க இருந்தது. கலங்கிவிட்டது என்று முடிவானால் அவர் தலையிலிருந்து குரல்பட்டையைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினால், இமையைக்கூடத் தன் விருப்பத்துக்கு அசைக்க முடியாத அந்த மனுஷி ஆயுள் முழுக்க ஊமை.

கோளாறு டீச்சரின் மூளையிலா, மெஷினிலா என்று பார்த்துச் சொல்லப் பூங்கோதைக்கு ஐந்து மணி நேரம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு மணி நேரத்தை அவிநாசி ரோட்டு நெரிசல் தின்றுவிட்டது. சிறுவாணி ரோட்டில் இருந்த அந்த மறுவாழ்வு மையத்தின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு லேப்டாப் பையோடு இறங்கினாள். பயமும் உண்டு, குதூகலமும் உண்டு. ஒருத்தருடைய வாழ்க்கை தொங்கிக்கொண்டிருக்கும்போது குதூகலப்படுவது நல்ல பழக்கமில்லைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத தப்பைத் தேடிப் பிடிக்கிற வேலையில் பன்னிரண்டு வருடம் ஊறியவளுக்கு அது தானாக வந்துவிடும்.

அந்த மையத்தில் நாற்பது படுக்கைகள். எல்லோரும் மூளைத்தண்டில் அடி வாங்கி, உடம்பு பூட்டப்பட்டு, நினைவு மட்டும் தெளிவாக இருப்பவர்கள். மனதுக்குள் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டால் நெற்றியில் கட்டிய பட்டை அதைப் படித்து அடித்தளத்து சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை வாங்கிப் படுக்கைத் தலைமாட்டு ஸ்பீக்கருக்குத் தரும். ஸ்பீக்கர் அவரவர் பழைய குரலிலேயே பேசும். தெய்வநாயகி பொள்ளாச்சியில் முப்பது வருடம் கணக்கு நடத்தியவர். பள்ளி ஆண்டுவிழாப் பதிவுகளிலிருந்து அவருடைய அதட்டல் குரலை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். சர்வரிலிருந்து ஸ்பீக்கருக்கு வார்த்தையை அனுப்பும் நிரலை எழுதியவள் பூங்கோதை.

முதல் மாடியில், பதினேழாம் படுக்கை அருகே டீச்சரின் தம்பி நாச்சிமுத்து நின்றிருந்தார். தேங்காய் வியாபாரி. வெள்ளை வேட்டியும் மூன்று நாள் தாடியுமாக இருந்தார்.

"வாங்கம்மிணி. நீங்களே கேளுங்க. என்ற அக்கா பேசறதை நீங்களே கேளுங்க" என்றார்.

ஸ்பீக்கர் சொல்லியது: "நாலாயிரத்து இருநூற்று எண்பது."

பிறகு அதே கண்டிப்பான டீச்சர் குரலில்: "நாக்பூர் தாண்டி டீசல் போட்டப்ப ஒட்டகச்சிவிங்கி பங்க்காரனோட தொப்பியைத் தின்னுருச்சு."

பூங்கோதைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"மூணு வாரமா இப்படித்தானுங்க" என்றார் அவர். "ஒண்ணு நம்பரு, இல்லீன்னா லாரி, ஒட்டகச்சிவிங்கி. அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதுங்க. எத்தனை பேருக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவ! இதைக் கேக்கறதுக்கு அவ பேசாமயே இருந்துரலாம்னு தோணுது. நான்தானுங்க டாக்டரம்மாகிட்டச் சொன்னேன், கழட்டீருங்கன்னு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவை விட்டுத் தொலைக்க வந்தவரில்லை அவர். அக்காவின் மானத்தைக் காப்பாற்ற வந்தவர். அதனால்தான் அந்த அறையில் நிற்கவே கஷ்டமாக இருந்தது.

அடித்தளத்தில் சர்வர் அறை பனிப்பெட்டி மாதிரிக் குளிர்ந்தது. பூங்கோதை துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சர்வருக்குள்ளேயே ஒரு பொய்ப் படுக்கையை உண்டாக்கி, வார்த்தைகளை அனுப்பி, வந்ததோடு ஒப்பிட்டாள். பத்தாயிரம் வாக்கியங்கள் அனுப்பினாள், பத்தாயிரமும் எழுத்துப் பிசகாமல் வந்தன. ஒரு லட்சம் அனுப்பினாள். எல்லாம் சரியாக வந்தன. இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே சோதனையைத்தான் செய்தாள், இதே பச்சை விளக்குத்தான் எரிந்தது.

மணி ஒன்று. அவளுடைய மேனேஜர் தேவராஜ் போன் செய்தார்.

"டெஸ்ட் பாஸ் ஆகுதில்ல? அப்புறம் என்ன? மெஷின்ல தப்பில்லைன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பி வா."

"டீச்சரோட குரல் போயிரும் சார்."

"பாவந்தான். ஆனா நாம டாக்டர் இல்லியேம்மா."

எழுதிக் கொடுத்துவிடலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கையெழுத்துப் போட்டால் அவள் பெயர் சுத்தம், நிறுவனம் சுத்தம். ரிப்போர்ட்டைத் திறந்து தேதிகூடப் போட்டுவிட்டாள். அப்போதுதான் நாச்சிமுத்து இரண்டு பேப்பர் கப்பில் டீயோடு வந்தார். கதவருகே தயங்கி நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே? நீங்க இந்த ரூமுக்குள்ளயே அனுப்பி இந்த ரூமுக்குள்ளயே வாங்கிப் பார்க்கறீங்க. என்ற அக்கா மாடியிலல்ல இருக்கறா? குடோன்ல நிறுத்தி வெச்சு வண்டியை ஓட்டிப் பார்த்தா, ரோட்டுல எப்படிப் போகும்னு எப்படித் தெரியும்?"

பூங்கோதை டீயை வாங்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா," என்றாள் மெதுவாக, "நான் ஒரு வடிகட்டின முட்டாள்."

"ஐயையோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"இல்லீங்கண்ணா, கேளுங்க." அவள் எழுந்தே விட்டாள். "ஒரு வார்த்தையை அனுப்பணும்னா முன்னெல்லாம் மெஷினோட அடிமனசு, நாங்க கர்னல்ன்னு சொல்லுவோம், அது நாம எழுதினதைத் தனக்குன்னு ஒரு நகல் எடுத்துக்கும். அப்புறம் அந்த நகலை அனுப்பும். நாற்பது பேரு பேசும்போது நகல் எடுக்கறதுக்கே நேரம் போயிடுது, பேச்சு திக்குது. அதனால நகலே எடுக்காத வழியை நான் போட்டேன். ஒரு சிலேட்டுல எழுதறோம்னு வெச்சுக்குங்க. அந்த சிலேட்டையே நேரா அனுப்பிடறது."

"நல்லதுதானுங்களே."

"நல்லதுதான். ஆனா சிலேட்டு போய்ச் சேர்ந்துருச்சுங்கற தகவல் வர்ற வரைக்கும் அதை அழிக்கக் கூடாது. வழியில தொலைஞ்சா கர்னல் மறுபடியும் அதே சிலேட்டைப் பார்த்துத்தான் அனுப்பும். வேற நகல் இல்லியே. நான் என்ன பண்ணீட்டேன்னா, 'இந்தா அனுப்பு'ன்னு குடுத்த உடனே வேலை முடிஞ்சுதுன்னு நெனைச்சு, அழிச்சு அடுத்த ஆளுக்கு எழுதக் குடுத்துட்டேன்."

நாச்சிமுத்து புருவத்தைச் சுருக்கினார். "லோடு இறங்குச்சான்னு கேக்காமயே அதே வண்டிக்கு அடுத்த லோடு போட்டுட்டீங்க."

"அதேதான்!"

"அப்புறம் எப்படிங்க உங்க டெஸ்ட்டுல எல்லாம் பாஸு?"

"அதுதாண்ணா கூத்து. ஒரே மெஷினுக்குள்ள அனுப்பினா கர்னல் நம்மைக் கேக்காமயே பழையபடி நகல் எடுத்துக்கும். சிலேட்டை அழிச்சாலும் ஒண்ணும் ஆகாது. தப்பு ரோட்டுல போனாத்தான் தெரியும். நான் ரெண்டு வருசமா குடோனுக்குள்ளயே வண்டி ஓட்டீட்டு இருந்திருக்கறேன்."

கர்னல் அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. 'இந்தச் சிலேட்டு சேர்ந்துவிட்டது, இனி அழிக்கலாம்' என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு அறிக்கை அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அந்த அறிக்கைகள் வந்து விழுகிற இடம் இருக்கிறதே, அது பிழைகள் வரும் பெட்டி. நல்ல செய்தியையும் கெட்ட செய்தி வரும் வாசல் வழியாகவே அனுப்புவது கர்னலை எழுதியவர்களின் குசும்பு. பூங்கோதையின் நிரல் அந்தப் பெட்டியைத் திறக்கும், பிழை இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் உள்ளே இருப்பதை அப்படியே குப்பையில் கொட்டிவிடும். பிழை இல்லை என்று ஒவ்வொரு தடவையும் சந்தோஷப்பட்டுக்கொண்டே கொட்டியிருக்கிறாள்.

மணி இரண்டே கால். இப்போது அவள் விரல்கள் பறந்தன. பதினேழாம் படுக்கை மூன்று வாரத்துக்கு முன்பு புதிதாகக் கட்டிய எக்ஸ்ரே அறையின் ஈயச் சுவருக்குப் பின்னால் இருந்தது, அதனால் வயர்லெஸ்ஸில் முதல் தடவை அனுப்புவது பெரும்பாலும் தொலைந்துபோனது. மறுபடி அனுப்புவதற்குள் சிலேட்டை வேறு யாரோ வாங்கி எழுதிவிட்டார்கள். யார்? சர்வர் படுக்கை எண் வரிசையில்தான் பேச்சை எடுக்கும். பதினேழு விட்ட சிலேட்டு உடனே பதினெட்டின் கைக்குப் போகும்.

"பதினெட்டு யாருண்ணா?"

"தெரியலீங்களே. ஆம்பளைங்க வார்டு மூணாவது மாடியிலல்ல இருக்குது?"

இருவரும் படியேறி ஓடினார்கள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. நாச்சிமுத்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் போனார்.

பதினெட்டில் ஒரு பெரிய உடம்பு, நரைத்த மீசை. பெயர் சுலைமான், ஊர் சங்ககிரி. பட்டையின் பச்சை விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பேசுகிறார். ஆனால் அறையில் சத்தமே இல்லை.

"லாரி டிரைவருங்க மேடம்" என்றார் வார்டுச் சிப்பந்தி. "பார்க்க ஆருமே வர்றதில்ல. சம்சாரம் இல்ல, பையன் மஸ்கட்டுல. பாய் காலைல ஆரமிச்சா ராத்திரி வரைக்கும் ஓயவே மாட்டாரு. பக்கத்துப் பெட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க. அதனால வால்யூமை முழுசாக் குறைச்சு வெச்சுட்டோம்."

"அவருக்கு அது தெரியுமா?"

"காது கேக்குமே அவருக்கு. தன் சத்தம் வரலைன்னு தெரியாமயா இருக்கும்?" சிப்பந்தி கொஞ்சம் நெளிந்தார். "தெரிஞ்சும் பேசிட்டேதான் இருக்காரு."

பூங்கோதை கையை நீட்டி வால்யூமைத் திருகினாள். கரகரவென்று ஓர் ஆண்குரல் பாதியிலிருந்து கிளம்பியது: "...கூண்டு பதினாலு அடி, அது கழுத்தை நீட்டினாப் பதினெட்டு அடி. நான் என்னங்க பண்றது?"

நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டார். "இவருதானா?" என்றார். "என்ற அக்கா வாயில மூணு வாரமாப் பேசறது இந்தப் பாய்தானா?" சட்டென்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. வார்டே பார்க்க அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். பூங்கோதைக்கும் கண் கலங்கியது. அவளுக்கு அந்த நிமிஷம் உலகத்திலேயே பெரிய சந்தோஷம், தப்பு தன்னுடையது என்பதுதான்.

மூன்றரைக்குள் திருத்தத்தைப் போட்டுவிட்டாள். பிழைப்பெட்டிக்குள் வரும் ஒவ்வொரு அறிக்கையையும் படித்து, எண்ணைச் சரிபார்த்து, அந்தச் சிலேட்டு சேர்ந்தது என்று உறுதியான பிறகே விடுவிக்கும்படி மாற்றினாள். மொத்தம் இருபத்தாறு வரிகள். இரண்டு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியவை.

கூட்டத்தில் டாக்டர் வசுந்தரா சீக்கிரம் நம்புகிற ரகம் கிடையாது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்: "லாரிக் கதை அவரோடதுன்னே வெச்சுக்குவோம். நம்பர்? நம்பர் இவங்களோடது தானே? காரணமே இல்லாம எண்ணிக்கிட்டிருக்கிறதும் ஒரு அறிகுறிதான்."

அதற்குப் பூங்கோதையிடம் பதில் இருந்தது. ஸ்பீக்கரில் வந்ததைத்தான் எல்லோரும் கேட்டிருந்தார்கள். நெற்றிப்பட்டை படித்தது என்ன என்பதை யாரும் பார்க்கவில்லை. திருத்தத்துக்கு முன்பே இறக்கி வைத்திருந்த பட்டையின் நினைவகத்தை அவள் திரையில் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொடங்கி, நாலாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து வரை இருந்தது. நடுவில் ஓர் எண்கூட விடுபடவில்லை, ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை. ஸ்பீக்கரில் எந்த எண்கள் வராமல் போயினவோ, சரியாக அந்த நொடிகளில் சுலைமான் ஏதாவது சொல்லியிருந்தார்.

"கலங்கின புத்தி மூணு வாரம் ஒரு எண்ணைக்கூட விடாம எண்ணுமா டாக்டர்?"

டாக்டர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு பட்டையைக் கழற்றக் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "பட்டை இருக்கட்டும்" என்றார். நாச்சிமுத்து யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லோரையும் கும்பிட்டார்.

நான்கே முக்காலுக்கு மூவரும் பதினேழாம் படுக்கைக்கு வந்தார்கள். ஸ்பீக்கர் அப்போதுதான் சொல்லி முடித்தது: "நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு." கொஞ்சம் விட்டு மறுபடியும், "நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு." இன்னொரு தடவையும் அதே எண்.

டாக்டரின் புருவம் உயர்ந்தது. பூங்கோதை படுக்கையின் தலைமாட்டுக்குப் போனாள்.

"டீச்சர், எல்லாம் சரி பண்ணீட்டோம்" என்றாள் குனிந்து. "இனி நீங்க சொல்றது மட்டுந்தான் வரும். வேற யார் பேச்சும் கலக்காது."

பச்சை விளக்கு வெகு நேரம் மின்னியது. மூன்று வாரத்துக்குப் பிறகு தெய்வநாயகி டீச்சர் தன் சொந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"ஏன் நிறுத்தினீங்க? வண்டி இன்னும் பாலத்துக்கு முன்னாடி நிக்குது."

டாக்டர் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"பாலம் தாழ்வு. அது கழுத்தை இறக்க மாட்டேங்குது. பின்னால ஏழு வண்டி ஹாரன் அடிக்குது. அந்த இடத்துல நிறுத்தீட்டீங்க. எத்தனை தடவை எண்ணைக் குடுத்தாலும் அடுத்த வரி வரலை."

"அக்கா..." நாச்சிமுத்து கட்டிலருகே குனிந்தார். "உனக்கு எல்லாம் தெரியுமாக்கா? வேற ஆளு பேசறதுன்னு தெரியுமா?"

"ரெண்டாவது நாளே தெரியும். நான் ஏதாச்சும் சொன்னாத்தான் அவரு பேசறது எனக்கு வரும். நான் சொன்னது அழிஞ்சு போகும். அழிஞ்சா அழியட்டும்னு சின்னதா ஒரு எண்ணைச் சொல்லுவேன். ஒரு எண்ணு குடுத்தா ஒரு வரி கெடைக்கும். எண்ணு அப்படியே வெளிய வந்துட்டா, அவரு மூச்சு வாங்கறாருன்னு அர்த்தம்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லக்கா? உனக்குப் புத்தி போயிருச்சுன்னு நான்..."

"சொல்லியிருந்தாச் சரி பண்ணியிருப்பீங்களே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கு மீட்டிங் எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு? பட்டையையே கழட்டறதா இருந்தோம்."

"தெரியாது. என்கிட்ட யாரும் கேக்கலீங்க."

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருமே டீச்சரைப் பற்றி நிறையப் பேசியவர்கள், எழுதியவர்கள். டீச்சரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பூங்கோதைக்கு முகம் சுட்டது. அவள் நிரலில் செய்த, கேட்காமலே முடிவுகட்டுகிற தப்பைத்தான் எல்லோரும் வெளியே செய்திருந்தார்கள்.

"ஒட்டுக் கேட்டது தப்புதான்" என்றது ஸ்பீக்கர், கொஞ்சம் பொறுத்து. "அவருகிட்டச் சொல்லிருங்க. தப்புன்னு சொல்லுங்க. ஆனா எல்லாம் வந்து சேர்ந்துச்சுன்னும் சொல்லுங்க. ஒரு வரிகூடப் பாழாப் போகலைன்னு சொல்லுங்க."

பூங்கோதை திரும்ப மூன்றாம் மாடிக்கு ஏறினாள். இந்தத் தடவை படிகள் அதிகமாகத் தெரிந்தன. தன் தனிப் பேச்சை இன்னொருத்தர் கேட்டுவிட்டார் என்று ஒரு மனிதரிடம் எப்படிச் சொல்வது? கோபப்பட்டால் அது நியாயம். புகார் கொடுத்தால் அதுவும் நியாயம். படுக்கையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் யார் என்பதிலிருந்து தொடங்கி, சிலேட்டுக் கதை முழுவதையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை.

"கீழ ஒரு டீச்சரம்மா இருக்காங்க பாய். மூணு வாரமா நீங்க சொன்னதெல்லாம் அவங்களுக்குப் போயிருக்கு. அதுக்காக அவங்க தன் பேச்சையே விட்டுக் குடுத்திருக்காங்க. ஒரு எண்ணைச் சொல்லிச் சொல்லி, உங்க ஒவ்வொரு வரியையும் வாங்கியிருக்காங்க."

காலையிலிருந்து ராத்திரி வரை ஓயாமல் மின்னும் அந்தப் பச்சை விளக்கு அணைந்திருந்தது. சிப்பந்திகூடத் தரை துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு விளக்கு ஒரே ஒரு தடவை மின்னியது.

"எது வரைக்கும் கேட்டாங்களாம்?"

பூங்கோதை ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள். "பாலம் வரைக்கும். பின்னால ஏழு வண்டி நிக்குதாம்."

"மேல சொல்லட்டுமான்னு கேளுங்க."

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒழுங்கான ஒரு வழி திறக்க அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வேண்டும்போது திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். இரண்டு பேரும் சரி என்று சொன்னால்தான் திறக்கும். அதை மட்டும் அவள் இரண்டு தடவை சரிபார்த்தாள். கீழே நாச்சிமுத்து நாற்காலியை அக்காவின் ஸ்பீக்கர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டதாகப் போனில் சொன்னார். "பாய் சொல்லட்டுமுங்க, நானும் கேக்கறேன். மூணு வாரமாப் பாதி பாதியாக் கேட்டுட்டேன்."

சுலைமான் தொடங்கினார்.

"அப்ப நான் என்ன பண்ணினேன்னா டீச்சரம்மா, சீட்டுக்கு அடியில இருந்த வாழைத்தாரை எடுத்துக்கிட்டு ரோட்டுல எறங்கினேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினார்.

விளக்கு மின்னவில்லை. ஓயாத மனிதர், ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தார். பூங்கோதை பதறிப்போய் லேப்டாப்பைப் பார்த்தாள். எதுவும் அறுபடவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போது அந்தப் படுக்கையின் ஸ்பீக்கரிலிருந்து, கீழ் மாடி டீச்சரின் குரல் கண்டிப்பாக, தெளிவாக வந்தது.

"நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு."

பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது. சுலைமான் அடுத்த வரியைச் சொன்னார்.